புலித்தோல் யாருக்கு?

நடுவர் அவர்களே, வணக்கம். 'குடும்பமாகச் சேர்ந்து தொழில் செய்வது பலமா, பாரமா?' பாரமே என்று பேச வந்திருக்கிறேன். வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை.

எதிரணித் தலைவர் ஒரு சீனப் பழமொழியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். 'புலி அடிக்க உடன்பிறந்தவன், போருக்குப் போக அப்பனும் மகனும்.' நம்முடைய 'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' மாதிரிதான். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐயா, அது புலி சாகிற இடத்தோடு நின்றுவிடுகிறது. தோல் யாருக்கு என்று சொல்லவில்லையே!

ஹாங்காங் வெலிங்டன் தெருவில் யுங் கீ என்றொரு உணவகம். தோல் மொறுமொறுவென்று சிவக்கச் சுட்ட பெருவாத்து. எலும்போடு வெட்டித் தட்டில் அடுக்கி, தொட்டுக்கொள்ள பிளம் சாஸ். எனக்கே இப்போது பசிக்கிறது. 1942இல் கடையைத் தொடங்கியவர் கம் சுய்-ஃபாய். அப்பா இருந்தவரை பிள்ளைகள் ஒற்றுமையாக உழைத்தார்கள். 2004இல் அவர் போனார். கடைசியில் மூத்தவர் கையில் 45 சதவீதப் பங்கு, இளையவர் கையில் 55. சாப்பாட்டு மேசையில் இந்தப் பத்து ஒன்றுமே இல்லை. கம்பெனிக் கூட்டத்தில் அதுதான் எல்லாம். 2010இல் அண்ணன் வழக்குப் போட்டார், 2012இல் இறந்தே போனார். வழக்கு மட்டும் சாகவில்லை. 2015இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் பங்கை மற்றவர் வாங்கிக்கொள்ளாவிட்டால் தாய்க் கம்பெனியையே கலைக்க வேண்டியதுதான் என்றது.

'லீ கும் கீ என்ற சிப்பி சாஸ் கம்பெனி 1888இலிருந்து ஒரே குடும்பத்தில் இல்லையா?' என்று கேட்டார்கள். அருமையான கேள்வி, ஆனால் அது என் கட்சிக்குச் சேர வேண்டியது. அந்த வீட்டிலும் ஒரு வாரிசுக்கு முதலில் அப்பாவின் உடன்பிறந்தவர்களோடு, அப்புறம் சொந்தத் தம்பியோடு என்று இரண்டு முறை பிரிவினை நடந்தது. சூடுபட்ட பிறகுதான் குடும்பக் குழு வைத்துச் சட்டம் எழுதினார்கள். வீட்டுப் பிள்ளையே ஆனாலும் வெளியே சில வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பதை இதைவிட யார் ஒத்துக்கொள்ள முடியும்?

மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று. எதிரணியில் அண்ணனும் தம்பியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியாக யார் பேசுவது என்று அரை மணி நேரமாகக் கிசுகிசுக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை.