தெறி எந்தப் பக்கம் வைக்க?

நடுவர் ஐயா, வணக்கம். மேடையில் இருக்கிற இரண்டு அணிக்கும், மின்விசிறிக்குக் கீழே கதிரை பிடிக்கச் சண்டை போட்டுவிட்டு இப்போது நல்ல பிள்ளைகள் மாதிரி இருக்கிற சபைக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் இப்படி ஒரு தலைப்பு வைத்துப் பட்டிமன்றம் நடக்கும் என்று பத்து வருசத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்துவிட்டு மெசினை மிதித்திருப்பேன். நான் தையல்காரி. புதுக்குடியிருப்புப் பக்கம் சின்னக் கடை. படித்தவர்கள் நடுவில் என்னை ஏன் ஏற்றினார்கள் என்று எனக்கே தெரியவில்லை, ஏறிவிட்டேன், சரி.

தலைப்பை ஒருமுறை சொல்கிறேன், பிந்தி வந்தவர்களுக்காக. பால்புதுமைப் பிள்ளைகள், அதாவது தன்பாலில் ஈர்ப்புள்ளவர்கள், திருநங்கைகள், பெண் என்று வளர்க்கப்பட்டாலும் தன்னை ஆணாக உணர்கிற திருநம்பிகள் என்று ஊர் விலத்தி வைக்கிற இளம் பிள்ளைகளுக்கு முதலில் கைகொடுப்பது நம்பிக்கை தருகிற கதைகளா, சட்டமா? நான் கதை என்கிற அணி. எதிரணியில் இருக்கிற சட்டத்தரணி அண்ணா சற்று முன் கேட்டார்: "பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால் யூடியூப் வந்து பிணை எடுக்குமா?" கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன், உண்மையைச் சொன்னால் நல்ல கேள்விதான். அதற்கு அடுத்ததாக அவர் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. "நாளைக்குச் சரியாகும் என்று கதை சொல்வது பிள்ளைக்கு ஊசி போட்டு நித்திரையாக்கிற வேலை" என்றார்.

அண்ணா, அந்தக் கதை சொல்லுகிற வேலை எப்படித் தொடங்கியது என்று தெரியுமா? 2010 செப்டெம்பரில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், கூடப் படித்தவர்களின் பகிடியும் தொல்லையும் தாங்காமல் உயிரை விட்டான். டான் சாவேஜ் என்கிற எழுத்தாளர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, இந்தப் பிள்ளையோடு ஒரு ஐந்து நிமிசம் கதைக்கக் கிடைத்திருந்தால் என்று யோசித்திருக்கிறார். தன்னைப் போன்ற ஆளை எந்தப் பாடசாலையும் உள்ளே விடாது என்பதும் அவருக்குத் தெரியும். யூடியூப்புக்கு அதிபரின் அனுமதி தேவையில்லையே, துணைவர் டெரி மில்லரோடு கமராவுக்கு முன்னால் இருந்து, பள்ளிக்கூடத்தில் நாங்கள் அடி வாங்கினோம், இப்போது இருவரும் ஒரு மகனை வளர்க்கிறோம் என்று சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த மாதமே அந்த நாட்டு ஜனாதிபதி ஒபாமாவும் ஒரு வீடியோ போட்டார், பிறகு ஆயிரக்கணக்கில் சாதாரண ஆட்கள், வேறு வேறு நாடுகளிலிருந்து.

அந்தக் கதைகளில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய நகரத்தில், காசோடு, வெள்ளைத் தோலோடு இருக்கிறவர் "பொறுத்துக்கொள், நல்லாகும்" என்றால், ஒட்டுசுட்டானில் தகரக் கொட்டிலில் இருக்கிற பிள்ளை "உனக்கென்ன" என்றுதான் நினைக்கும். அந்தக் காலத்திலேயே அங்கேயும் இதைச் சொல்லிக் கண்டித்தார்கள், கண்டித்தது சரிதான். ஆனால் கதை சரியில்லை என்றால் வேறு கதை சொல்ல வேண்டும். அளவு பிழைத்துவிட்டது என்பதற்காக ஆளை வெறும் மேலோடு அனுப்புகிற தையல்காரி உண்டா?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். எங்கள் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பால் உறவைக் குற்றமாக்குகிற 365, 365அ பிரிவுகள் போக வேண்டும், அதில் எனக்கும் அண்ணாவுக்கும் சண்டையே இல்லை. 1883 இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டக்கோவை அது. இங்கிலாந்தில் 1967 இலேயே தன் சட்டத்தை மாற்றத் தொடங்கிவிட்டான். நாங்களோ அவன் கழற்றிப் போட்ட கோட்டை இன்னமும் இந்த வெயிலில் போட்டுக்கொண்டு நிற்கிறோம், அதுவும் போதாதென்று 1995 இல் திருத்துகிறோம் என்று சொல்லி, பெண்களும் அதற்குள் வருகிற மாதிரி அகலப்படுத்தித் தைத்தோம். பின்வரிசையில் ஒரு ஐயா "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று முணுமுணுத்தது கேட்டது. ஐயா, வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது அந்தத் தண்டனைதான். தொல்காப்பியர் பேடியை உயர்திணையில் வைத்தார், தெய்வத்தின் பெயரைச் சொல்லுகிற அதே சூத்திரத்தில். ரியூசனில் படித்தது, மறந்துபோயிருப்பீர்கள்.

சரி, சட்டம் மாறுகிறது என்றே வையுங்கள். 2023 மே மாதம், இந்தப் பிரிவுகளைத் திருத்தக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பிரிவுகள் இன்னமும் இருக்கின்றன. அண்ணா சொல்கிறபடி முதலில் சட்டம், பிறகு மற்றதெல்லாம் என்றால், இன்றைக்குப் பதினாறு வயதில் இருக்கிற பிள்ளை யாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது? சட்டம் வந்த இடத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் 2015 இல் நாடு முழுக்க இவர்களின் கலியாணத்துக்கே உரிமை வந்துவிட்டது. அங்கே இந்தப் பிள்ளைகளுக்காக வேலை செய்கிற டிரெவர் புரொஜெக்ட் 2024 இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், அந்த ஒரு வருசத்துக்குள் சாவைப் பற்றித் தீவிரமாக யோசித்தோம் என்று சொன்ன இளையவர்கள் நூற்றுக்கு 39 பேர். சட்டம் இருக்கிற நாட்டில், அண்ணா! அதே அமைப்பு 2019 இல் சொன்ன இன்னொரு கணக்கு என் மனதை விட்டுப் போகவே இல்லை. தன்னை ஏற்றுக்கொள்கிற பெரிய ஆள் ஒருவராவது இருக்கிற பிள்ளைகளில், உயிரை விட முயன்றதாகச் சொன்னவர்கள் 40 வீதம் குறைவு. தாய்தான், தகப்பன்தான் என்றுகூட இல்லை, யாராவது ஒரு ஆள். அந்த ஆள் வீட்டில் இல்லாதபோது, ஊரில் இல்லாதபோது, போனுக்குள் இருந்து குரலாக வருகிறாரே, அதைத்தான் நான் கதை என்கிறேன்.

சட்டம் மாறுவதற்கும் யாராவது கதை கேட்க வேண்டியிருக்கிறது. 2021 இல் மதுரைப் பக்கம் இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்து, பாதுகாப்புக் கேட்டு வழக்கு வைத்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? எனக்கு இதைப் பற்றிப் போதிய தெளிவில்லை என்று தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் தானே போய் இருந்து, கேட்டு, விளங்கிக்கொண்டு வந்தார். பிறகுதான் ஜூன் மாதம் கட்டளை போட்டார், இந்தப் பிள்ளைகளை மருந்து கொடுத்து "மாற்றுகிறோம்" என்று வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி. எவ்வளவு படித்த மனிதர், கதிரையை விட்டு இறங்கிவந்து கதை கேட்டிருக்கிறார்.

கேளாமல் விட்டவனையும் எங்கள் சனத்துக்குத் தெரியும். வைகாசி வந்தால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வரிசையில் நிற்கிறோம், கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்க்கிறோம், ஆம்பிளை கண்ணகி வேசம் கட்டி அழ நாங்களும் சேர்ந்து அழுகிறோம். பாண்டியனிடம் சட்டம் இருந்தது, காவலர் இருந்தார்கள், பொற்கொல்லன் சாட்சியும் இருந்தது. கண்ணகியின் கதை மட்டும் போய்ச் சேரவில்லை. அது போய்ச் சேர்ந்தபோது, சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, கோவலன் தலை போய்விட்டது. "அப்படியானால் கதையால் என்ன பிரயோசனம்" என்று அண்ணா எழும்பிக் கேட்பார், தெரியும். பிந்தினால் பிரயோசனமில்லைத்தான். அதனால்தான் "முதலில்" என்கிற சொல்லைத் தலைப்பில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நடுவர் ஐயா மணியில் கை வைக்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுங்கோ ஐயா, என் கடைக்குள் நடந்ததைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். சம்பந்தப்பட்ட ஆளிடம் கேட்டுத்தான் சொல்கிறேன், ஆளைக் கண்டுபிடிக்கிற அடையாளங்களை மாற்றிவிட்டேன், தேடிக்கொண்டு போகாதீர்கள்.

மத்தியானம், வெயில் கொளுத்துகிறது, கடையில் யாருமில்லை. பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்று, என் கண்ணுக்கு அப்போது அப்படித்தான் தெரிந்தது, மூன்று யார் சாம்பல் நிறத் துணியோடு வந்து நின்றது. "அக்கா, சேட்டு ஒண்டு தைக்கோணும்." அளவு நாடாவை எடுத்தேன். நெஞ்சளவு எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தோளை முன்னால் சுருக்கியது. இருபது வருசமாக அளவெடுக்கிற கை இது, வெட்கத்தில் சுருங்குகிற தோள் எனக்குத் தெரியும், இது அந்தச் சுருக்கம் இல்லை. "டாட் பிடிக்காதீங்கோ அக்கா, நேராய் விடுங்கோ." நெஞ்சுக்கு வடிவம் கொடுக்கப் பிடிக்கிற மடிப்புத்தான் டாட். சரி என்றேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தெறி மற்றப் பக்கம் வையுங்கோ."

தைக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஆம்பிளைச் சேட்டுக்குத் தெறி, அதுதான் பட்டன், வலப் பக்கம், பொம்பிளைச் சட்டைக்கு இடப் பக்கம். ஒரு அங்குலத் துணி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் முழு வித்தியாசமும். தெருவில் போகிற யாரும் அதைக் கவனிக்கவும் மாட்டார்கள். அந்தப் பிள்ளை அதைக் கேட்க எத்தனை நாள் கடை வாசலால் சைக்கிளில் போய்ப் போய்த் திரும்பியது என்று பிறகு சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. "தங்கச்சி, தண்ணி குடிக்கிறீங்களோ" என்று கேட்டேன். "தம்பி எண்டு கூப்பிடுவீங்களோ அக்கா, இங்க யாரும் இல்லாத நேரத்தில மட்டும்."

அன்றிலிருந்து தம்பி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். அவன்தான் போனை எடுத்து, தமிழ்நாட்டுத் திருநம்பி ஒருவர் கதைக்கிற வீடியோவைப் போட்டுக் காட்டினான். ஒரு வேலை, வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போவது, அம்மா நான்கு வருசம் கழித்துப் போன் எடுத்தது. இவ்வளவுதான் அதில் இருந்தது. ஒபாமா இல்லை, விருது இல்லை. நான் அவனுக்கு உற்சாகமூட்டுவோம் என்று, நர்த்தகி நடராஜ் பற்றித் தெரியுமா, மதுரையில் பிறந்த திருநங்கை, நடனத்துக்காக 2019 இல் பத்மஸ்ரீ வாங்கினவர் என்று பேப்பரில் படித்ததை அவிழ்த்துவிட்டேன். மரியாதைக்குத் தலையாட்டினான். "அவ பெரிய ஆள் அக்கா. எனக்கு இந்த மீன் வாங்கிற ஆள் காணும்" என்றான்.

இதை வேறு எந்தச் சபைக்குச் சொன்னாலும் விளங்காது, எங்களுக்கு விளங்கும். 2009 இல் யுத்தம் முடிய எங்களை அடைத்துவைத்த செட்டிக்குளத்து முகாமில், முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நான், என் தம்பி எங்கே என்று தெரியாது. மூன்றாவது கிழமை, முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்து சொன்னா: "உம்மட தம்பி இருக்கிறான் பிள்ளை. இராமநாதன் முகாமில தண்ணி வரிசையில கண்டனான்." கம்பி அப்படியேதான் இருந்தது. வெளியில் விட எந்தச் சட்டமும் வரவில்லை, அதற்கு இன்னும் மாதக்கணக்கு எடுத்தது. ஆனால் நான் அன்று பின்னேரம் சோறு சாப்பிட்டேன், முதல் தடவையாக. "இருக்கிறான்" என்கிற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு. அந்த அம்மா எனக்கு ஊசி போட்டு நித்திரையாக்கினவா என்று அண்ணா சொன்னால், நான் இப்போதே தோல்வியை ஒத்துக்கொண்டு இறங்குகிறேன்.

மணி அடித்துவிட்டார். முடிக்கிறேன், ஒரு நிமிசம். மனம் தாங்காத நேரத்தில் கதைக்க 1926 என்று அரசாங்கத்தின் இலக்கம் ஒன்று இருக்கிறது, அதை எல்லாரும் போனில் போட்டு வையுங்கோ, அதற்கு எந்த அணியும் தேவையில்லை.

சேட்டைத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தான், என் கடைக் கண்ணாடியில் கீழ்ப் பாதி ரசம் போயிருக்கும், அதனால் குனிந்து குனிந்து பார்த்தான். பிறகு மெசினை நிற்பாட்டச் சொன்னான். தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து வைத்திருக்கிற வட்ஸ்அப் குழு ஒன்று, மட்டக்களப்பு, ஹட்டன், கனடா என்று எல்லா இடத்திலிருந்தும் இருக்கிறார்களாம், அதற்கு ஒரு குரல் பதிவு போடப் போகிறானாம். பேரைச் சொல்லவில்லை. "நான் வன்னியில இருக்கிறன், இண்டைக்கு ஒரு சேட்டுத் தைச்சனான், தெறி சரியான பக்கம் இருக்கு" என்று தொடங்கி இரண்டு நிமிசம் கதைத்தான், நடுவில் ரோட்டால் போன மீன் வியாபாரியின் ஹோனும் சேர்ந்து பதிவாகிவிட்டது, அழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

காசு தந்துவிட்டு வெளிக்கிட்டவன் படலையடியில் நின்று போனைப் பார்த்தான். திரும்பி வந்து காட்டினான். யாரோ ஒரு சின்னப் பிள்ளை போலத்தான் இருக்கிறது, ஒரு வரி எழுதியிருந்தது: "அண்ணா, நான் மாங்குளம். அங்கயும் இருக்கிறீங்களா?"

"என்ன பதில் போட அக்கா?" என்று கேட்டான். இருவரும் வாசல் படியில் இருந்து எழுதத் தொடங்கினோம்.