கையால் போடும் பாலிஷ்: எவ்வளவு போகும், எங்கே நிறுத்த வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரின் பெயின்டில் விழுந்த கீறலையும் மங்கலையும் கையால் பாலிஷ் போட்டு எவ்வளவு தூரம் சரிசெய்யலாம் என்று பேச வந்திருக்கிறேன். கொடுத்த தலைப்பில் ‘எவ்வளவு தூரம்’ இல்லை, அதை நான்தான் சேர்த்துக்கொண்டேன். ஏனென்றால் இந்த வேலையில் கெட்டுப்போகிற கார்களில் பல, நிறுத்தத் தெரியாமல் கெட்டவை.

கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “இந்தக் கீறல் போயிடுமா?” என்பதுதான். உண்மையில் கீறல் எங்கேயும் போவதில்லை. கீறல் என்பது ஒரு பள்ளம். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதும் இல்லை. பள்ளத்தைச் சுற்றி இருக்கும் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டத்துக்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ கொண்டுவருகிறது. அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தேய்க்க அங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். இப்போதைய கார்களில் உலோகத் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கும். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை 1000 பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். இதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்தால், நாம் கை வைக்கப்போவது முடியின் பாதி தடிமனில். அந்தப் பாதியையும் முழுக்கச் செலவழிக்க முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து, கீழே இருக்கிற நிறம் வெளுக்காமல் காப்பது கிளியர் கோட்தான். அது மெலிந்தால் இன்று பளபளக்கும், இரண்டு மூன்று கோடை தாண்டினால் வெளுத்து உரியத் தொடங்கும். அரிவாளைச் சாணை பிடிப்பது போலத்தான் இது. ஒவ்வொரு முறையும் கூர் ஏறும், அரிவாள் குறையும்.

சரி, கீறல் ஏன் கண்ணுக்குத் தெரிகிறது? மட்டமான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பிப் போகும். அதனால்தான் நம் முகம் அதில் தெரிகிறது. கீறலின் ஓரங்களில் பட்ட ஒளி கண்டபடி சிதறும். ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் நெருக்கமாக இருந்தால் தனித்தனிக் கீறலாகத் தெரியாமல், மொத்தப் பரப்பும் பால் தெளித்த மாதிரி வெளிறிப்போகும். மங்கல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். கறுப்புக் காரில் இது அப்பட்டமாகத் தெரியும். வெள்ளைக் காரிலும் அதே அளவு கீறல் இருக்கும், காட்டிக்கொடுக்காது.

வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாகச் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் தெரியும். யாரோ வட்டமாகத் துடைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. ஒளிக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால், மின்னுபவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. நீங்கள் ஒரு பக்கம் நகர்ந்தால் அந்த வட்டமும் கூடவே நகரும்.

இனி, எந்தக் கீறல் கைக்கு அடங்கும், எது அடங்காது? விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கி நின்றால் அது பாலிஷுக்கு மிஞ்சிய ஆழம். தடுக்காவிட்டால் அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பி வருகிற கீறல் பெரும்பாலும் மேலாகவே இருக்கும், கையால் குறைக்கலாம். நனைந்த பிறகும் வெள்ளையாகவோ வேறு நிறமாகவோ நிற்கிற கோடு நிறப் பூச்சு வரைக்கும், சில சமயம் பிரைமர் வரைக்கும் போயிருக்கும். இன்னொரு வகை உண்டு. சுவரிலோ வேறு வண்டியிலோ உரசி, அதன் பெயின்ட் நம் வண்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அது பள்ளமே இல்லை, மேலே ஏறிய அழுக்கு. கொஞ்சம் பாலிஷ் வைத்துத் தேய்த்தாலே பெரும்பகுதி வந்துவிடும். பம்பர் மூலையில் பார்த்துப் பதறுகிற பல கீறல்கள் இந்த ரகம்.

மங்கலுக்கும் இப்படி ஒரு எல்லை இருக்கிறது. கூரையிலும் பானெட்டிலும் திட்டுத்திட்டாக வெளுத்து, ஓரத்தில் ஏடு ஏடாக உரிகிறது என்றால் கிளியர் கோட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு தேய்த்தாலும் பெரிதாகுமே தவிரச் சரியாகாது. மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. அப்புறம், மேட் ஃபினிஷ் பெயின்டில் பாலிஷ் கூடவே கூடாது. மினுமினுப்பு இல்லாமல் இருப்பதுதான் அதன் அழகு, தேய்த்த இடம் மட்டும் மினுங்கி நிரந்தரக் கறையாக நிற்கும்.

வேலைக்கு வருவோம். முதலில் கழுவ வேண்டும், அதுவும் நன்றாக. பரப்பில் ஒரு மணல் துகள் மிச்சமிருந்தால் நீங்கள் பாலிஷ் போடவில்லை, அந்த மணலை வைத்துக் கோடு இழுக்கிறீர்கள். கழுவிய பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, ஈரமான பரப்பைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் தெரியும். அது ஷாம்புக்கு அசையாமல் பெயின்டில் ஒட்டிக்கிடக்கும் தார், இரும்புத் தூள், மரப்பால் போன்றவை. கிளே பார் என்று விற்கும் களிமண் கட்டியை, வழுக்கலுக்கு உரிய திரவம் தெளித்து, மெதுவாக ஓட்டினால் வந்துவிடும். கட்டி தரையில் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். பெயின்டின் விலையைப் பார்க்கும்போது கட்டியின் விலை ஒன்றுமே இல்லை.

வண்டி நிழலில் இருக்க வேண்டும், தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்துவிடும். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், கையின் அழுத்தமும் அங்கேதான் குவியும். அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களிலும் ஒட்டுங்கள். பாலிஷ் அதில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கடையில் காம்பவுண்ட் என்றும் பாலிஷ் என்றும் இரண்டு இருக்கும். இரண்டிலும் வேலை செய்வது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள்தான். காம்பவுண்டில் கரடு, பாலிஷில் நைஸ். எடுத்தவுடனே காம்பவுண்டைத் திறக்காதீர்கள். கண்ணில் அதிகம் படாத ஓரிடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு நைஸ் பாலிஷைப் போட்டுப் பாருங்கள். போதுமென்றால் வண்டி முழுக்க அதுவே போதும். போதாவிட்டால் மட்டும் ஒரு படி கரடுக்குப் போகலாம். இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

துணியை விரல் நுனியால் பிடித்துத் தேய்க்க வேண்டாம். அழுத்தம் மூன்று நான்கு புள்ளிகளில் மட்டும் இறங்கி, விரல் போன தடம் தடமாகவே தெரியும். தட்டையான ஸ்பாஞ்ச் பேட் வாங்கி, உள்ளங்கை முழுவதும் அதன் மேல் படிகிற மாதிரி பிடியுங்கள். பாலிஷ் மூன்று நான்கு சொட்டு போதும். நிறைய ஊற்றினால் பேட் வழுக்குமே தவிர வெட்டாது. ஒரே நேரத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி, அதற்கு மேல் எடுக்காதீர்கள். முதலில் நீளவாக்கில் முன்னும் பின்னும், அப்புறம் அதற்குக் குறுக்காக, ஒவ்வொரு இழுப்பும் முந்தியதன் பாதியை மூடுகிற மாதிரி போக வேண்டும். வட்டமாகத் தேய்க்கலாமா என்று கேட்பார்கள். நான் நேராகத் தேய்க்கிற கட்சி. நம் கையே விட்டுப்போகிற மெல்லிய தடம் நேர்க்கோடாக இருந்தால், ஒளி குறிப்பிட்ட பக்கத்திலிருந்து வரும்போதுதான் தெரியும். வட்டமாக இருந்தால் எங்கே நின்று பார்த்தாலும் ஏதோ ஒரு பகுதி மின்னும்.

தொடக்கத்தில் நல்ல அழுத்தம், போகப்போகக் குறைவு, கடைசிச் சில இழுப்புகளில் பேட்டின் எடை மட்டும். பாலிஷ் காய்ந்து தூளாவதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். ஒரே துணியால் முழு வண்டியையும் துடைத்தால் அதில் சேர்ந்த தூளே கீறும். மடித்து மடித்துப் புதுப்பக்கம் மாற்றுங்கள்.

இங்கேதான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். கீறல் குறைந்திருக்கும், ஆனால் தேய்த்த இடம் முன்பைவிட மங்கலாக இருக்கும். காம்பவுண்ட் போட்ட பிறகு இது வருவது சகஜம். பெரிய கீறலை இறக்கிய கரடுத் துகள்கள் தங்கள் பங்குக்கு ஆயிரம் பொடிக் கீறல்களை விட்டுப்போயிருக்கின்றன. இன்னும் காம்பவுண்ட் ஊற்றி இன்னும் பலமாகத் தேய்ப்பதுதான் கைக்கு வருகிற முதல் எண்ணம். அது மங்கலைக் கூட்டும். செய்ய வேண்டியது நேர் எதிர். காம்பவுண்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, புதிய, இன்னும் மிருதுவான பேட் எடுத்து, நைஸ் பாலிஷை லேசான கையால் போட வேண்டும். காம்பவுண்ட் பட்ட பேட்டையே கழுவாமல் பாலிஷுக்கும் பயன்படுத்தினால், பாலிஷ் போடுவதாக நினைத்துக் காம்பவுண்ட்தான் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்படியும் மங்கல் போகவில்லை என்றால் துணியைச் சந்தேகப்படுங்கள். சில வண்டிகளின் கிளியர் கோட் மிகவும் மிருதுவானது, மலிவுத் துணியின் தையல் ஓரம் பட்டால்கூடக் கோடு விழும். கடினமான கிளியர் கோட்டில் நிலைமை வேறு. அங்கே கையால் அரை மணி நேரம் தேய்த்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. அந்த வண்டியை மெஷின் பாலிஷுக்குக் கொடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

துடைத்தவுடன் பளபளவென்று இருப்பதை நம்பிவிடாதீர்கள். பல பாலிஷ்களில் எண்ணெய்ப் பசை உண்டு. அது கீறலுக்குள் உட்கார்ந்து, தண்ணீர் செய்த அதே வித்தையைச் செய்யும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு கலந்து, துணியில் லேசாக நனைத்து ஒருமுறை துடையுங்கள். அப்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் தெரிவதுதான் உங்கள் உண்மையான வேலை. பற்பசை, தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே என்று ஊரெல்லாம் சொல்லும் வைத்தியங்களும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். எண்ணெயும் ஸ்பிரேயும் பள்ளத்தை நனைத்து மறைக்கின்றன, இரண்டு கழுவலில் கீறல் திரும்பிவிடும். பற்பசை உண்மையிலேயே தேய்க்கும்தான். ஆனால் அது பல்லுக்காகச் செய்த துகள். பல்லின் எனாமல் எங்கே, பெயின்ட் எங்கே.

பழைய வண்டிகளில் தேய்க்கும்போது துணியில் காரின் நிறமே வந்தால் பயப்பட வேண்டாம். கிளியர் கோட் இல்லாமல் ஒரே பூச்சாக அடித்த பெயின்ட் அப்படித்தான் வரும். வெயிலில் வெளுத்த மேல்தோல் போய் உள்ளே இருக்கும் நிறம் தெளியும். கையால் பாலிஷ் போட மிகவும் ஏற்ற பெயின்ட் அதுதான் என்பேன். ஆனால் கிளியர் கோட் இருக்கிற வண்டியில் துணியில் நிறம் வந்தால், அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். அங்கே கிளியர் தீர்ந்துவிட்டது.

நகம் தடுக்கும் கீறலுக்கு 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காருக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைகளில் போடுகிறார்கள்தான். அவர்களிடம் பெயின்டின் தடிமனை அளக்கும் மீட்டர் இருக்கிறது, பேப்பர் விட்ட தடத்தை எடுக்க மெஷின் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் வீட்டில் செய்தால், ஒரு விரல் நீளக் கீறல் உள்ளங்கை அகல மங்கலாக மாறும், அதைக் கையால் எடுத்து முடியாது. ஆழமான கீறலில் உலோகம் தெரிந்தால் துருப்பிடிக்காமல் இருக்க டச்-அப் பெயின்ட் வைத்து மூடுங்கள். அருகில் போனால் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

பாலிஷ் முடிந்ததும் பரப்பு நிர்வாணமாக இருக்கும். வேக்ஸோ சீலன்ட்டோ மெல்லிசாக ஒரு பூச்சு போடுங்கள். வேக்ஸ் கீறலைச் சரிசெய்யாது, அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும், துணி வழுக்கிக்கொண்டு போகும். பெரும்பாலான பொடிக் கீறல்கள் சாலையில் வருவதில்லை, காலையில் தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் தட்டித் துடைக்கும்போது வருகின்றன. தூசியோடு கவர் போட்டு மூடினாலும் அதே கதைதான், காற்றில் கவர் ஆட ஆட உள்ளே தேய்த்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் இல்லாத நாளில் வண்டி அழுக்காகவே நிற்கட்டும். கழுவும்போது ஷாம்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலசி மணலைக் கழிக்க இன்னொரு வாளி. கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்கு மேலே, கதவின் அடியில் இருக்கும் சேறு கடைசியில், வேறு துணியால்.

வணக்கம்.