கிளிக் செய்தும் ரசீது விண்டோ திறக்கவில்லையா? பாப்-அப்பும் பிரவுசர்களும்

அடுத்த கேள்வி குடியாத்தத்திலிருந்து வந்திருக்கிறது. ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு லாட்ஜுக்கு, அறை பதிவு செய்கிற வெப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதில் ‘ரசீது’ என்று ஒரு பட்டன். அழுத்தினால் சின்ன விண்டோ ஒன்று, அதாவது பாப்-அப், திறந்து அதில் ரசீது வர வேண்டும். லாட்ஜ் கவுண்டரில் இருக்கிற கம்ப்யூட்டரில், குரோமில், நன்றாக வருகிறது. ஃபயர்ஃபாக்ஸில் விண்டோ திறக்கிறது, ஆனால் வெறும் வெள்ளையாக நிற்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. நெட் மெதுவாக இருக்கிற நாளில் குரோமிலும் சில சமயம் வருவதில்லையாம். “ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனியாக கோடு எழுத வேண்டுமா சார்?” என்று கேட்கிறார். கோடையும் கூடவே அனுப்பியிருக்கிறார்.

தனித்தனியாக எழுத வேண்டாம்மா. ஒரே கோடு எல்லா இடத்திலும் ஓடும். வரிகளின் வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் உங்கள் கோடைப் பார்ப்போம். பட்டனைக் கிளிக் செய்ததும் ஒரு ஏசிங்க் ஃபங்ஷன், அதாவது நடுவில் பதிலுக்காகக் காத்திருக்கக்கூடிய ஃபங்ஷன், ஓடுகிறது. முதல் வரியில் அவெய்ட் (பதில் வரும் வரை பொறு என்கிற கட்டளை) போட்டு, ஃபெட்ச் மூலம் சர்வரிடம் ரசீதைக் கேட்கிறீர்கள். பதில் வந்த பிறகு விண்டோ டாட் ஓப்பன் போட்டு ஒரு காலி விண்டோவைத் திறக்கிறீர்கள். கடைசி வரியில் அந்த விண்டோவின் பாடிக்குள் இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாக ரசீதைக் கொட்டுகிறீர்கள். படித்தால் சரியான வரிசை மாதிரிதான் தெரியும். ஆனால் பிரச்சினையே அந்த முதல் வரியில்தான்.

2000-த்தின் தொடக்கத்தில் நெட் சென்டரில் உட்கார்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பக்கத்தைத் திறந்தால் கேட்காமலே நாலு விளம்பர விண்டோ வந்து விழும். அதற்காகத்தான் பிரவுசர்கள் தடுப்பு வைத்தன. 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் அது சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து விதி ஒன்றுதான்: பார்க்கிறவர் கையால் ஏதாவது செய்திருந்தால் விண்டோ திறக்கலாம், இல்லையென்றால் திறக்கக் கூடாது. கிளிக் செய்தவுடன் பிரவுசர் ஒரு அனுமதி கொடுக்கிறது. காட்பாடி ஜங்ஷனில் எடுக்கிற பிளாட்பாரம் டிக்கெட் மாதிரி, அதற்கு நேரக் கெடு உண்டு. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்தக் கெடு சுமார் 5 விநாடி. ஐபோனில் இருக்கிற சஃபாரிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சர்வருக்குப் போய்விட்டு வந்து விண்டோ திறக்கக் கேட்டால் பெரும்பாலும் மறுத்துவிடும். அதுவும் சத்தமில்லாமல் மறுக்கும்.

இப்போது உங்கள் அறிகுறிகளைப் பொருத்திப் பாருங்கள். சர்வர் சீக்கிரம் பதில் சொன்னால் குரோமில் திறக்கிறது. நெட் மெதுவான நாளில் 5 விநாடி கடந்துவிடுகிறது, குரோமும் மறுக்கிறது. ஐபோனில் எப்போதுமே மறுப்புதான். ‘ஐபோனில் குரோம் போட்டும் பார்த்தேன், அதிலும் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வராது. நம் ஊரில் விற்கிற ஐபோனில் எந்தப் பெயரில் பிரவுசர் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியை ஓட்டுகிற அதே எஞ்சின், ஆப்பிளின் வெப்கிட்தான். அதனால் ஐபோன் குரோமை சஃபாரி என்றே நினைத்துக்கொண்டு சோதியுங்கள்.

இன்னொன்று, ஒரு கிளிக்குக்கு ஒரு விண்டோதான். திறந்த உடனே அந்த அனுமதி செலவாகிவிடும். ஒரே பட்டனில் ரசீதையும் அறை விவரத்தையும் இரண்டு விண்டோவாகத் திறக்கப் பார்த்தால் இரண்டாவது மாட்டிக்கொள்ளும்.

சரி, வரிசையை எப்படி மாற்றுவது? கிளிக் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே, அவெய்ட் எதுவும் வருவதற்கு முன்னால், காலி விண்டோவைத் திறந்து ஒரு வேரியபிளில் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் ‘ரசீது தயாராகிறது, சற்றுப் பொறுங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்புறம் சாவகாசமாக ஃபெட்ச் செய்யுங்கள். ரசீது எண் வந்ததும், திறந்து வைத்த விண்டோவின் லொகேஷனை ரசீதுப் பக்கத்தின் யூஆர்எல்லுக்கு மாற்றுங்கள். விண்டோ ஏற்கனவே திறந்திருப்பதால் அதன் முகவரியை மாற்ற பிரவுசர் புதிதாக அனுமதி கேட்காது. ஃபெட்ச் தோற்றுப்போனால், பிழையைப் பிடிக்கிற கேட்ச் பகுதியில் அந்த விண்டோவை மறக்காமல் மூடிவிடுங்கள். இல்லையென்றால் ‘தயாராகிறது’ என்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அவர் பாவம் காத்துக்கொண்டே இருப்பார்.

ஃபயர்ஃபாக்ஸ் வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம் வேறு. காலி விண்டோவைத் திறந்ததும் குரோம் கொடுக்கிற டாக்குமென்ட் அப்படியே நிலைத்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் நெடுங்காலமாக வேறு வழியில் போனது: முதலில் ஒரு தற்காலிக டாக்குமென்டைக் கொடுத்துவிட்டு, ஒரு கணம் கழித்து வேறொரு காலி டாக்குமென்டை ஏற்றி அதன் இடத்தில் வைக்கும். நீங்கள் இன்னர்ஹெச்டிஎம்எல்லில் போட்ட ரசீது அந்த முதல் டாக்குமென்டோடு போய்விடுகிறது. எரர் எதுவும் வராது, ஏனென்றால் நீங்கள் எழுதியது சரியாகவே எழுதப்பட்டது. எழுதின காகிதம்தான் இப்போது அங்கே இல்லை. டாக்குமென்ட் டாட் ஓப்பன், ரைட், க்ளோஸ் மூன்றையும் வரிசையாகப் போட்டால் இந்தச் சிக்கல் வராது. அந்த ‘தயாராகிறது’ வரியையும் அப்படியே எழுதுங்கள். ரசீதுக்கோ நான் சொன்னபடி யூஆர்எல் கொடுத்துவிடுவதுதான் நல்லது. ரசீதுக்கென்று சொந்த முகவரி இருந்தால் ரீலோட் செய்யலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், ஊருக்குப் போனபிறகும் எடுத்துப் பார்க்கலாம்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். யாரோ சொன்னார்கள் என்று விண்டோ டாட் ஓப்பனின் மூன்றாவது ஆர்கியுமென்டில் நோஓப்பனர் (புதிய விண்டோவுக்கும் அதைத் திறந்த பக்கத்துக்கும் உள்ள தொடர்பை வெட்டுகிற சொல்) சேர்த்தீர்களாம். அதிலிருந்து விண்டோ திறந்தும்கூட ‘பாப்-அப்பை அனுமதிக்கவும்’ என்ற எச்சரிக்கை வருகிறதாம். காரணம் இதுதான்: தடுக்கப்பட்டால் விண்டோ டாட் ஓப்பன் ‘நல்’ (null, அதாவது ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பு) கொடுக்கும். நோஓப்பனர் போட்டாலும், விண்டோ நன்றாகத் திறந்திருந்தாலும், நல்தான் கொடுக்கும். நல் வந்தால் எச்சரிக்கை காட்டு என்கிற உங்கள் இஃப் வரிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. திறந்தது உங்கள் சொந்தப் பக்கம்தானே, நோஓப்பனரை எடுத்துவிடுங்கள். வெளி ஆட்களின் பக்கத்துக்குப் போகிற லிங்கில்தான் அது அவசியம். அங்கேயும் புதிய டேபில் திறக்கச் சொல்லி டார்கெட் பிளாங்க் போட்ட லிங்குகளுக்கு இப்போது மூன்று பிரவுசர்களும் தாங்களாகவே நோஓப்பனர் போட்டுவிடுகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் 2020-இலும் குரோம் 2021-இலும் அதை வழக்கமாக்கின, சஃபாரி அவற்றுக்கும் முன்பே செய்துவிட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த எச்சரிக்கையையே எடுத்துவிடுங்கள். ‘செட்டிங்ஸில் போய் பாப்-அப்பை அனுமதியுங்கள்’ என்று யாரிடம் சொல்கிறோம் என்று யோசியுங்கள். உங்கள் லாட்ஜில் தங்குகிறவர்களில் பாதிப் பேர் கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள். வீட்டு ஆள் ஒருவர் வார்டில் படுத்திருப்பார், இவர் கையில் மருந்துச் சீட்டோடு நிற்பார். கம்பெனியில் பணம் திரும்ப வாங்க அந்த ரசீது வேண்டும். அவரைப் போய் செட்டிங்ஸைத் தேடச் சொல்வது நியாயமே இல்லை. விண்டோ தடுக்கப்பட்டால் அதே பக்கத்தில் ‘ரசீதைப் பார்க்க இங்கே தொடவும்’ என்று ஒரு சாதாரண லிங்க் தோன்றட்டும். அதை அவர் தொடுவது புதிய கிளிக். எந்த பிரவுசரும் அதைத் தடுக்காது.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. பட்டனை ஒரு ஃபார்முக்குள் வைத்து, ஃபார்முக்கு டார்கெட் கொடுத்துவிடுங்கள். கிளிக் செய்ததும் ஃபார்ம் புதிய டேபில் சர்வருக்குப் போகும், சர்வர் ரசீதை உருவாக்கி அங்கேயே காட்டும். ஃபெட்ச் வேண்டாம், அவெய்ட் வேண்டாம், ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம். சஃபாரியிலும் திறக்கும், பழைய ஆண்ட்ராய்டு போனிலும் திறக்கும்.

சோதிக்கும்போது ஏமாறுகிற இடங்கள் சில இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நேரம் போவது பெரும்பாலும் இங்கேதான். குரோமின் கன்சோலில் (கட்டளைகளை நேரடியாக அடித்துப் பார்க்கிற இடம்) விண்டோ டாட் ஓப்பன் என்று கையால் அடித்துப் பார்த்தால் திறக்கும். உடனே ‘கோடு சரி, வேறு ஏதோ தப்பு’ என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் கன்சோலில் அடிப்பதையே குரோம் பயனரின் செயலாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. அடுத்தது பிரேக்பாயிண்ட், அதாவது ஓடுகிற கோடை நடுவில் நிறுத்திப் பார்க்கிற புள்ளி. கிளிக் ஃபங்ஷனுக்குள் பிரேக்பாயிண்ட் வைத்து, வேரியபிளை எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு ஓட விட்டால், அதற்குள் கெடு முடிந்துபோய் நல்ல கோடும் தடுக்கப்படும். மூன்றாவது, கவுண்டர் கம்ப்யூட்டர். அங்கே யாராவது எப்போதோ முகவரிப் பட்டை ஓரத்தில் வருகிற தடுப்புச் சின்னத்தை அழுத்தி ‘எப்போதும் அனுமதி’ கொடுத்திருந்தால், அந்தத் தளத்துக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பிறகு அந்த கம்ப்யூட்டரில் எதைச் செய்தாலும் திறக்கும். ஆகவே புதிய புரொஃபைலில் சோதியுங்கள். உங்கள் சொந்த லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்டுக்கு (அதே லேப்டாப்பில் ஓடுகிற சோதனைத் தளத்துக்கு) கொடுத்த அனுமதிக்கும் இதே கதைதான்.

அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கோடிலேயே கேட்கலாம். நேவிகேட்டர் டாட் யூசர்ஆக்டிவேஷன் டாட் இஸ்ஆக்டிவ். குரோமில் பல வருடமாக இருக்கிறது, சஃபாரி 16.4-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 120-இலும் வந்துவிட்டது. ஃபெட்சுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை அதை லாக் செய்யுங்கள். சர்வர் வேண்டுமென்றே 6 விநாடி தாமதிக்கிற மாதிரி வைத்து கிளிக் செய்தால், குரோமிலேயே முதலில் ட்ரூ, அடுத்து ஃபால்ஸ் என்று கண்ணெதிரே மாறும். அதைப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

அகலம், உயரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெஸ்க்டாப்பில் கொடுத்தால் தனி விண்டோவாக வரும், போனில் எப்படியும் முழு டேப்தான். டூல்பார் வேண்டாம், மெனுபார் வேண்டாம் என்று பழைய பாடங்களில் எழுதுகிற நீளமான வரி இப்போது டேபா விண்டோவா என்று தீர்மானிக்க மட்டுமே உதவுகிறது. முகவரிப் பட்டையை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஏமாற்றுப் பக்கங்களைக் கண்டுபிடிக்க மக்களுக்கு இருக்கிற முக்கியமான துணை அது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கென்று வைத்திருக்கிற தனிக் கிளையையும் நீக்கிவிடுங்கள். 2022 ஜூனிலேயே அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அச்சுக்கு ஒரு வார்த்தை. பிரின்ட் அழைத்த அடுத்த வரியிலேயே க்ளோஸ் போட்டிருக்கிறீர்கள். சில பிரவுசரில் அச்சுப் பெட்டி முடியும் வரை கோடு காத்திருக்கும், சிலவற்றில் காத்திருக்காமல் விண்டோ மூடிவிடும். ஆஃப்டர்பிரின்ட் நிகழ்வு வந்த பிறகு மூடுங்கள். பிரின்ட்டை அழைப்பதும் ரசீதுப் பக்கத்தின் லோட் நிகழ்வுக்குப் பிறகுதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் லாட்ஜின் லோகோ இல்லாமல் அச்சாகும்.

அப்புறம், வருகிற மாதம் ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் பாப்-அப்பில் வைப்பதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘விண்டோ மூடப்பட்டதா’ என்று க்ளோஸ்ட் மதிப்பை விநாடிக்கு ஒரு முறை பார்ப்பதை நம்ப வேண்டாம். போகிற பக்கம் கிராஸ் ஆரிஜின் ஓப்பனர் பாலிசி என்ற ஹெட்டரை வைத்திருந்தால் இரண்டு விண்டோவுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். விண்டோ கண்முன்னே திறந்தே இருக்கும், உங்கள் கோடுக்கு மட்டும் ‘மூடியாயிற்று’ என்று தெரியும். பணம் கட்டிக்கொண்டிருக்கிறவரிடம் ‘ரத்து செய்துவிட்டீர்கள்’ என்று காட்டிவிடுவீர்கள். பணம் வந்ததா என்பதை உங்கள் சர்வரிடமே கேளுங்கள். முடிந்து உங்கள் தளத்துக்குத் திரும்பி வருகிற பக்கம், ஒரே தளத்தின் விண்டோக்கள் பேசிக்கொள்கிற பிராட்காஸ்ட்சேனல் வழியாக முதல் விண்டோவுக்குச் செய்தி சொல்லட்டும். சஃபாரி 15.4 முதல் எல்லாவற்றிலும் அது உண்டு.

விண்டோவே வேண்டுமா என்றும் யோசியுங்கள். அறை வாடகை விவரம், ‘உறுதியா?’ என்று கேட்கிற பெட்டி இதற்கெல்லாம் டயலாக் எலிமென்ட் போதும். 2014-இல் குரோம் 37 வந்தபோது ஷோமோடல்டயலாக் என்ற பழைய வழியை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் 2022 மார்ச்சில் சேர்த்துவிட்டன. பக்கத்துக்குள்ளேயே திறப்பதால் தடுப்பு என்ற பேச்சே வராது. ஏதாவது ஆப்புக்குள் உங்கள் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்கும் இதுதான் வசதி, ஏனென்றால் ஆண்ட்ராய்டு வெப்வியூவில், ஆப் எழுதியவர் தனியாக வசதி செய்யாவிட்டால், புதிய விண்டோ என்பதே கிடையாது. ரசீதுக்கு ஃபார்மும் டார்கெட்டும், மற்றதற்கு டயலாக் என்று மாற்றி, முதலில் ஒரு ஐபோனில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அடுத்த கேள்வி வாலாஜாவிலிருந்து வந்திருக்கிறது, ஃபார்மில் தமிழ்ப் பெயர் அடித்தால் டேட்டாபேஸில் கேள்விக்குறியாகப் பதிவாகிறதாம். அதைப் பார்க்கலாம்.