கைதட்டலுக்குப் பிறகு ஒரு கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் வேலை பார்த்த அரசு ஊழியர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, "ஒரு டாக்டரையோ நர்ஸம்மாவையோ கூப்பிடுங்களேன்" என்றுதான் சொன்னேன். நான் ஊசி போட்டவனும் இல்லை, வார்டில் நின்றவனும் இல்லை. பொது சுகாதாரத் துறையில், ஒரு மாவட்டத் துணை இயக்குநர் அலுவலகத்தில், கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளப் பட்டியல், பயணப்படி, விடுப்பு, தணிக்கைத் தடை, இவைதான் என் உலகம். "அதற்காகத்தான் உங்களைக் கேட்கிறோம்" என்றார்கள். சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2020 மே 31 அன்று நான் ஓய்வு பெற வேண்டியவன். சால்வை, தட்டுத் தாம்பூலம் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. அந்த மாதத் தொடக்கத்தில் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கி அரசாணை வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதுவே 60 ஆனது. இரண்டு தடவை தள்ளிப்போன பிரிவு உபசார விழா எனக்கு. அதனால் முதல் அலை, இரண்டாம் அலை, தடுப்பூசி முகாம் என்று எல்லாவற்றையும் அலுவலக நாற்காலியில் இருந்தே பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். ஜனங்கள் ஒருவரை 'கவர்ன்மென்ட்டு ஆள்' என்று நினைப்பது வேறு, கோப்பு அவரை அரசு ஊழியர் என்று ஒப்புக்கொள்வது வேறு.

2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடே கைதட்டியது. எங்கள் தெருவில் தட்டு, மணி, ஒரு வீட்டில் சங்கு. நானும் மாடியில் நின்று தட்டினேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பயந்து கிடந்த நேரத்தில் மனசுக்கு அது வேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 23 அன்று மத்திய அரசு அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது. சில நாட்களில் தமிழக அரசும் அதையே செய்தது. கூடவே ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணமாக்குவதும் நிறுத்தப்பட்டது. கஜானாவின் நிலைமை எனக்குத் தெரியாததல்ல. மதுக்கடை மூடல், பத்திரப் பதிவு இல்லை, வண்டி ஓடாததால் பெட்ரோல் வரி இல்லை. பணம் எங்கிருந்து வரும்? ஆனால் அந்த ஆணை, வீட்டில் உட்கார்ந்திருந்தவரையும் கொரோனா வார்டில் நின்றவரையும் ஒரே கோட்டில் வைத்தது. சரண்டர் பணம் என்பது கீழ்நிலை ஊழியர் வீட்டில் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர் போனில் கேட்டார்: "சார், லீவும் எடுக்க முடியாது, சரண்டரும் பண்ண முடியாதுன்னா அந்த லீவு எதுக்கு சார் இருக்கு?" என்னிடம் பதில் இல்லை. அகவிலைப்படி தமிழகத்தில் 2022 ஜனவரியில்தான் மறுபடி உயர்ந்தது.

நியாயமாகச் சொன்னால், 2021 மே மாதம் ஆட்சி மாறியதும் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். மருத்துவர்களுக்கு 30,000 ரூபாய், செவிலியர்களுக்கு 20,000, மற்றப் பணியாளர்களுக்கு 15,000. நல்ல காரியம். அந்தப் பட்டியலைத் தயாரிக்கிற வேலை எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு வந்தது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. யார் பெயரைச் சேர்ப்பது?

டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்து, அபேட் மருந்து ஊற்றி, கதவில் சாக்குக்கட்டியால் தேதி எழுதிவிட்டுப் போவார்களே, அவர்கள்தான். பெரும்பாலும் பெண்கள். உள்ளாட்சியிலிருந்து தினக்கூலி. கொரோனா வந்ததும் அவர்கள் கையிலேயே தெர்மாமீட்டரைக் கொடுத்து, வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று எழுதிவரச் சொன்னோம். பஸ் ஓடவில்லை. நடந்து போனார்கள், இல்லையென்றால் யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போனார்கள். வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்ட ஓர் அடையாள அட்டை கிடையாது. அலுவலக முத்திரை போட்ட வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் அடித்து, நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தோம். அதை மடித்து மடித்துக் கிழிந்துபோய், செல்லோடேப் ஒட்டி வைத்திருந்தார்கள். ஊக்கத்தொகைப் பட்டியல் போடும்போது இவர்கள் எந்தக் கணக்குத் தலைப்பில் வருவார்கள் என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது.

ரேஷன் கடை விற்பனையாளரும் அப்படித்தான். 2020 ஏப்ரலில் அட்டைக்கு 1,000 ரூபாய் ரொக்கம், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய், அப்புறம் மளிகைப் பை. தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கும் மேல் அரிசி அட்டைகள். இத்தனையும் போய்ச் சேர்ந்தது அந்தச் சின்னக் கடைகளின் ஜன்னல் வழியாகத்தான். ஊரே ஊரடங்கில் இருக்க, ஒரு மனிதர் மட்டும் நாளெல்லாம் நூற்றுக்கணக்கான பேரின் கையிலிருந்து அட்டையை வாங்கி, மெஷினில் காட்டி, பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டோக்கன் கொடுத்து, வெள்ளை வட்டம் போட்டு நிற்கச் சொன்னாலும் வரிசை ஜன்னலுக்கு வந்ததும் எல்லாம் ஒன்றாகிவிடும். நம்மைப் பொறுத்தவரை அவர் அரசாங்கம். விதியைப் பார்த்தால் அவர் அரசு ஊழியரே இல்லை, கூட்டுறவுச் சங்கத்தின் ஊழியர். 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். தெருவில் பிளீச்சிங் பவுடர் போட்டவர்களில் பலர் ஒப்பந்தக்காரரின் கணக்கில் இருந்தவர்கள். நோய்க்கு இந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது. காகிதத்துக்கு மட்டும்தான் தெரியும்.

கிராம சுகாதாரச் செவிலியரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ்நாட்டில் 8,700-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு செவிலியர், சமவெளியில் சுமார் 5,000 பேர் அவர் பொறுப்பு. கொரோனா வந்துவிட்டது என்பதற்காக கர்ப்பிணிகள் பிரசவத்தைத் தள்ளிப்போடப் போவதில்லை. காலையில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் பட்டியல், தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் எட்டாம் மாதத்துக்காரிக்கு இரத்த அழுத்தம் பார்ப்பது. புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஒரே தகவலை மூன்று இடத்துக்கு மூன்று விதமான படிவத்தில் கேட்டோம். அதில் எங்கள் அலுவலகமும் ஒன்று. இப்படி ஒருவர் ஒரு வீட்டு வாசலில் போய், "சென்னையிலிருந்து யாராவது வந்தாங்களா?" என்று கேட்பார். உள்ளே புதுச் செருப்பு கிடக்கும், கொடியில் ஜீன்ஸ் காயும். "யாரும் வரலீங்க" என்பார்கள்.

கோயம்பேடு சந்தையில் 2020 ஏப்ரல் கடைசியில் பரவியபோது கடலூர், அரியலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். லாரியில் யாரோடு வந்தோம், எங்கே இறங்கிச் சாப்பிட்டோம் என்பதை மனம்விட்டுச் சொன்னவர்களால் எத்தனையோ வீடுகள் தப்பித்தன. மறைத்தவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினால் பால்காரர் வரமாட்டார், வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. ஆனாலும் ஊழியருக்கு நாம் செய்யக்கூடிய உதவியில் காசில்லாமல் செய்யக்கூடியது இதுதான்: கதவைத் திறப்பது, உண்மையைச் சொல்வது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த நாட்களில் களப்பணிக்குப் போன பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே இருப்பார்கள். குடித்தால் எங்கே ஒதுங்குவது?

இதற்கு நேர் எதிரானதும் நடந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லால் அடித்தது. அவர் தனியார் மருத்துவமனைக்காரர். ஆனால் அன்று அடிபட்டவர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் சுகாதார ஊழியர்களும் இருந்தார்கள். அந்த வாரமே மத்திய அரசு 1897-ஆம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தியது. பம்பாயில் பிளேக் பரவிய காலத்துச் சட்டம் அது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கிப் படுகாயம் ஏற்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று ஆனது. அடக்கம் செய்வதைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கைதட்டிய ஊர்தான் கல்லும் எடுத்தது.

இனி, எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். பணியில் இறந்தவர்களின் கோப்பு.

சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு 2020 மார்ச் கடைசியில் அறிவித்தது. ஒப்பந்த ஊழியர், தினக்கூலி எல்லோரும் அதில் உண்டு. காகிதத்தில் அருமையான திட்டம். ஆனால் தொகை கிடைக்க, தொற்று உறுதியான பரிசோதனை முடிவு வேண்டும், இறப்புச் சான்று வேண்டும், இன்னார் கொரோனா பணியில் இருந்தார், நோயாளிகளோடு நேரடித் தொடர்பில் இருந்தார் என்று அவர் வேலை பார்த்த நிறுவனம் சான்றளிக்க வேண்டும். வார்டு நர்ஸுக்கு இதில் தொல்லை இல்லை, டியூட்டி பட்டியலில் பெயர் இருக்கும். வாய்மொழியாக "நாளைக்கு அந்த முகாமுக்குப் போய்டுப்பா" என்று அனுப்பப்பட்டவருக்கு என்ன சான்று இருக்கிறது? மூச்சுத்திணறி இறந்தவருக்குப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்திருந்தால்? அப்படி ஒரு கோப்பை நான் கையாண்டேன். இறந்தவரின் மனைவி மகனோடு வந்து என் மேஜைக்கு முன்னால் உட்காருவார். நாங்கள் ஒரு அலுவலகத்துக்கு எழுதுவோம், அங்கிருந்து ஒரு விளக்கம் கேட்டு வரும், பதில் எழுதுவோம், மறுபடி ஒரு விளக்கம். கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் விதிப்படி சரியான கேள்விதான். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் கணவர் எந்த முகாமில் இருந்தார் என்பது அந்த ஒன்றியத்துக்கே தெரியும். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. 'எனக்குத் தெரியும், இவர் இருந்தார்' என்று பொறுப்பேற்றுப் போட வேண்டிய கையெழுத்து. நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அது நகரவே இல்லை.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வந்தபோது, பேராம்பிரா தாலுக்கா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி இறந்தார். கேரள அரசு ஒரு சில நாட்களிலேயே குடும்பத்துக்கு நிதியும் கணவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. அதே மருத்துவமனை நர்ஸுகள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்காராமல் ஜனங்கள் விலகிப்போனார்கள். ஆனால் அரசு எடுத்த முடிவு வேகமாக வந்தது.

நம் ஊரில் 2020-இல் அவசரமாக ஆறு மாதத்துக்கென்று எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களை மறந்துவிட முடியாது. மாதம் 14,000 ரூபாய் தொகுப்பூதியம். ஆறு மாதம் நீண்டுகொண்டே போனது. இரண்டு அலையையும் அவர்கள் தோளில்தான் கடந்தோம். 2022 டிசம்பர் 31 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். புத்தாண்டு அன்று அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாற்றுப் பணி தருவதாகப் பிறகு அரசு சொன்னது. நிரந்தரமாக எடுக்க விதி இடம் கொடுக்கவில்லை என்ற வாதம் எனக்கு நன்றாகவே புரியும், அந்த மாதிரிக் குறிப்புகளை நானே நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் அவசரத்தில் ஆள் எடுக்கும்போது விதியைத் தளர்த்த முடிந்தது அல்லவா? அனுப்பும்போது மட்டும் அது ஏன் அப்படி இறுகிப்போகிறது?

அடுத்த தொற்று எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அலுவலகங்களில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாளே ஒரு பணி ஆணை போடுங்கள். யார், எந்த ஊர், எந்தத் தேதி முதல், என்ன வேலை. தினக்கூலிக்கும் போடுங்கள், ஒப்பந்த ஆளுக்கும் போடுங்கள். புகைப்படம் ஒட்டிய அட்டை ஒன்று கொடுங்கள். ஒரே படிவத்தை மூன்று இடத்தில் கேட்காதீர்கள். செலவு அதிகமில்லை, ஒரு ரீம் காகிதம் போதும்.

நேயர்களில் யார் வீட்டிலாவது நர்ஸோ, காவலரோ, மின்வாரிய ஊழியரோ, தூய்மைப் பணியாளரோ இருந்தால் உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அவர்களுடைய பணிப்பதிவேட்டில், அவர்களுக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற வாரிசு நியமனம் (நாமினேஷன்) யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் அம்மா பெயரை எழுதியிருப்பார்கள். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அந்த அம்மாவும் காலமாகி, பதிவேட்டில் மட்டும் அதே பெயர் இருக்கும். ஒப்பந்தப் பணியாக இருந்தால் பி.எஃப். கணக்கில் பாருங்கள். பணிப்பதிவேட்டில் மாற்றுவதற்கு ஒரு படிவம், இரண்டு சாட்சிக் கையெழுத்து, அவ்வளவுதான். அலுவலகத்தில் 'அப்புறம் பார்க்கலாம்' என்றால், நான் சொன்னேன் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.