பெயருக்கென்று ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம். கிரீஸில் ஒருவருக்கு டிமிட்ரிஸ் என்று பெயர் இருந்தால் அக்டோபர் 26 அவருடைய நாள். டிமிட்ராக்களுக்கும் அதே நாள்தான். தெசலோனிக்கி நகரத்தின் காவல் புனிதரான டிமிட்ரியோஸின் திருநாள் அது. இதைத்தான் பெயர் நாள் என்கிறார்கள்.

பிறந்தநாளை நாம் சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும். இங்கே பெயர் தெரிந்தால் போதும், மிச்சத்தை நாள்காட்டி சொல்லிவிடும். அதனால் அந்தக் காலத்தில் யாரையும் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. சாயங்காலமானால் உறவும் அக்கம்பக்கமும் இனிப்புப் பெட்டியோடு தாங்களாகவே வந்துவிடுவார்கள். வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் விருந்து வைப்பார். அலுவலகத்திலும் செலவு பெயர்க்காரருக்குத்தான். இனிப்புத் தட்டோடு மேஜை மேஜையாக அவர்தான் வருவார்.

சரி, வீட்டில் துக்கம் என்றால்? அதற்குச் செய்தித்தாளில் சின்னதாக ஓர் அறிவிப்பு கொடுப்பார்கள்: 'இன்னார் இந்த ஆண்டு கொண்டாடவில்லை, யாரையும் வரவேற்கவில்லை.' நம் ஊரில் வரச்சொல்லிப் பத்திரிகை அடிக்கிறோம்; அங்கே வரவேண்டாம் என்பதற்குத்தான் அச்சு தேவைப்பட்டது!

யோர்கோஸ்களின், அதாவது கிரேக்க ஜார்ஜ்களின் பாடுதான் கொஞ்சம் சிக்கல். புனித ஜார்ஜ் திருநாள் ஏப்ரல் 23. அது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் விழுந்தால் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும். 2024இல் மே 6 வரை காத்திருந்தார்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் அங்கும் உண்டு. ஆகவே தாத்தா, சித்தப்பா மகன், பெரியப்பா மகன் என்று ஒரே குடும்பத்தில் நாலைந்து யோர்கோஸ்கள் சேர்ந்து காத்திருப்பதும் நடக்கும்.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. சூசைக்கு மார்ச் 19, அந்தோணிக்கு ஜூன் 13, சவரியாருக்கு டிசம்பர் 3 என்று நாமவிழா வாழ்த்து சொல்வது இங்கும் உண்டு.

பிறந்தநாள் கேக் இப்போது கிரீஸிலும் வந்துவிட்டது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு. எனக்கென்னவோ பெயர் நாள்தான் பிடித்திருக்கிறது. ஐம்பது தாண்டியவரிடம் வயதைக் கேட்டு யாரும் மெழுகுவத்தி எண்ணுவதில்லை பாருங்கள்.

அப்புறம், புனிதர் பட்டியலில் இல்லாத பெயர்க்காரர்களையும் விட்டுவிடவில்லை. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகொஸ்தே திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, அங்கே அனைத்துப் புனிதர் திருநாள். அன்றைக்கு அவர்களும் இனிப்பு வாங்கியாக வேண்டும்.