விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம்

வணக்கம். பல வருஷம் மூலையில் கிடந்த கிட்டாரைத் தூசி தட்டி எடுக்கிறவர்களுக்காக இன்று பேச வந்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். எனக்கு இடைவெளி 11 வருஷம்.

திரும்ப எடுத்த அன்று, விடும்போது வாசித்துக்கொண்டிருந்த கஷ்டமான பாட்டையே தொடங்கினேன். எந்த விரல் எங்கே போக வேண்டும் என்று மறக்கவே இல்லை. ஆனால் வந்தது பாட்டு இல்லை, டப் டப்பென்று செத்த சத்தம். இருபது நிமிஷத்தில் விரல்நுனி எரிந்தது. கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்த தோல், தொடாமல் விட்டதில் பழையபடி மிருதுவாகிவிட்டது. திரும்பக் காய்ப்பதற்குச் சில வாரமாவது பிடிக்கும். அதுவரை தினம் பதினைந்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து மூன்று மணி நேரம் வாசிப்பது விரலுக்கும் ஆகாது, மணிக்கட்டுக்கும் ஆகாது.

கிட்டாரையும் கொஞ்சம் பாருங்கள். துருப்பிடித்த கம்பியை மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். சுருதி சேர்த்த பிறகு, கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், 12ஆவதற்கு நேர் மேலே, கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கோளாறு உங்கள் விரலில் இல்லை. பழுது பார்க்கிறவரிடம் கொடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோல் போய்விட்டது, ஆனால் தப்புகள் போகவில்லை. நான் ஆரம்பத்திலிருந்தே கிட்டாரின் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடிப்பவன். 11 வருஷம் கழித்தும் கை அப்படியேதான் பிடித்தது. ஒன்று மட்டும் சாதகம்: முன்பு அந்தப் பிடியில் வேகமாக வாசிக்க முடிந்ததால் அதை மாற்ற மனசு வரவில்லை. இப்போது அந்த வேகம் போய்விட்டது. இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால், பிடியைத் திருத்த இதைவிட நல்ல நேரம் கிடையாது.

நான் செய்தது இதுதான். ஃப்ரெட்டை ஒட்டினாற்போல் அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்து, அழுத்தாமலே மீட்டினேன். மந்தமான சத்தம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் ஸ்வரம் பளிச்சென்று வருகிறது. அவ்வளவுதான் தேவை. அதற்கு மேல் அழுத்தினால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும், கட்டைவிரலும் வலிக்கும். நான் இத்தனை நாள் கொடுத்துவந்த அழுத்தத்தை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

அப்புறம் கார்டு மாற்றுவது. கார்டு என்றால் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்க வைப்பது. சி கார்டிலிருந்து ஏ மைனருக்குப் போக எல்லா விரலையும் தூக்கிவிட்டுத் திரும்ப வைக்கிறவன் நான். உண்மையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பியின் 3ஆவது ஃப்ரெட்டிலிருந்து மூன்றாவது கம்பியின் 2ஆவது ஃப்ரெட்டுக்கு நகர்ந்தால் போதும். முதல் வாரத்தில் கற்றிருக்க வேண்டியதை இவ்வளவு தாமதமாகத்தான் கவனித்தேன்.

கடைசியாக மெட்ரோனோம், அதாவது சீராகத் தட்டிக் காட்டும் தாளக் கருவி. நிமிஷத்துக்கு 60 தட்டு வைத்து, தட்டுக்கு ஒரு முறை மேலிருந்து கீழே மீட்டினேன். கார்டுக்கு நான்கு தட்டு. கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு. ஃபோனில் பதிவு செய்து கேட்டபோதுதான் தெரிந்தது, எஃப் கார்டு வரும் ஒவ்வொரு முறையும் என் கை ஒரு கணம் தயங்கித் தாளத்தை விட்டுவிடுகிறது. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து எல்லாக் கம்பியையும் பிடிக்க வேண்டிய கார்டு அது.

கல்லூரி நாளில் என் வாசிப்புக்கு ஒரு நண்பன் பாடுவான். எஃப் வருகிற இடத்தில் மட்டும் கண்ணை மூடி, அந்தத் தட்டுக்கு முந்தின எழுத்தை அழகாக நீட்டுவான். அது அவனுடைய பாணி என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அவன் என் விரலுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.