சாக்கடைக்குள் போகும் மாத்திரை

அவைத்தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, மருந்து வணிகப் பெருமக்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. போன ஆண்டும் இதே பச்சைதான் என்பது வேறு விஷயம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: நுண்ணுயிரின் சாமர்த்தியம், பட்டான்செரு, சட்டம்.

கழிவுநீரைச் சுத்தம் செய்வது மோட்டார் அல்ல. காற்றூட்டும் தொட்டியின் பழுப்புச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள். அங்கே ஆன்டிபயாடிக் வந்தால் நோஞ்சான்கள் சாகும். மற்றவை? வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்! ஒன்று, உள்ளே வந்த மருந்தைச் சவ்விலுள்ள புரதத்தால் வெளியே இறைத்துவிடும். இன்னொன்று பெனிசிலினை நொதியால் உடைக்கும். கற்ற வித்தையை பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையத்தில் வைத்து, வேற்று இனத்துக்கும் தானம் செய்யும்.

ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு ஒரே நிலையத்துக்கு வந்தது. 2007இல் சுவீடனின் யோவாகிம் லார்சன் குழு அங்கே சுத்திகரித்து வெளியேற்றிய நீரைச் சோதித்தது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக்! மாத்திரை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இராது. பின்னாளில் அங்கே பிரித்தெடுத்த பாக்டீரியா வகைகளில் 86 விழுக்காடு, 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளுக்கு அசையவில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்றேனே!

எங்கள் பெரியம்மா கதையைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையெல்லாம் அவருடைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் போகும். யார் தும்மினாலும் பாட்டில் திறக்கும். சிவப்பும் கறுப்புமாக ஒரு கேப்சூல் வரும். பால்காரருக்கு ஒன்று, தபால்காரருக்கு ஒன்று, சோர்ந்து நின்ற கோழிக்குப் பாதி. "தேதி முடிந்துவிட்டதே பெரியம்மா" என்றால், "எனக்கும்தான் எழுபது முடிந்துவிட்டது, நான் வேலை செய்யவில்லையா?" என்பார். ஒரு போகிக்கு மருமகள் பாட்டிலைக் கைப்பற்றி, அத்தனையையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டாள். கொட்டியவளை வீடே பாராட்டியது. பெரியம்மா மட்டும் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. கொட்டிய மாத்திரையோ சாக்கடை வழியே, நான் சொன்ன அந்த பாக்டீரியாக்களிடம்தான் போகும்.

அதற்குத்தான் நான் ஊர் ஊராகக் கேட்கிறேன்: மருந்துக்கடை தோறும் மிஞ்சிய மாத்திரையைப் போட ஒரு பெட்டி! பக்கத்துக் கேரளத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே திரும்பப் பெறத் தொடங்கிவிட்டது. 'ஆலையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்துத் தொங்குகிறார்' என்கிறார்கள். தொங்குகிறேன். ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக்குக்கு உச்சவரம்பு என்று 2020இல் மத்திய அரசின் வரைவு விதி வந்தது. 2021இல் இறுதி அறிவிக்கையில் அது காணாமல் போனது. வரம்பு டில்லியில் வர வேண்டும். பெட்டி இந்தக் கடைவீதியிலேயே வரலாம். வைக்க வேண்டியவர்கள் இரண்டாம் வரிசையில் இருக்கிறார்கள்.

தலைவர் மணியடித்துவிட்டார். சட்டத்தை அடுத்த கூட்டத்தில் விரிப்பேன். நகர்மன்றத்துக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறது. அம்மையார் இங்கேயே இருப்பதால் இன்றே கையில் கொடுத்துவிடலாம்.